சுடாத மெழுகு

மயிலாடுதுறை
05.05.2025, திங்கட்கிழமை
(விசுவாவசு ஆண்டு, சித்திரை 22)

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய நண்பர் திரு. செல்லத்துரை அவர்களுக்கு,

துரைராசு வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் குறைவின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நான் நலம். இடது மணிக்கட்டு நீங்கலாக என்று சேர்த்துக்கொள்ளவும்.

ஏப்ரல் 22 அன்று ஒரே டாக்டரிடம் மாவுக்கட்டைப் பிரித்துக்கொண்டு, 24 முதல் ஒரே மெழுகுத் தொட்டியில் கை நனைத்தவர்கள் நாம் இருவரும். 30ஆம் தேதி புதன்கிழமைக்குப் பிறகு தங்களைப் பிசியோதெரபிக் கூடத்தில் காணவில்லை. 2ஆம் தேதி வெள்ளியன்று தங்கள் கையை மறுபடியும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நமக்குப் பயிற்சி தரும் ரிஃப்கா முன்கூட்டியே சொல்லியிருந்தாள் அல்லவா? அந்தப் பெண் காத்திருந்தாள். சனிக்கிழமை என்னிடம், "சார், உங்க கூட்டாளி எங்க? கப்பல் ஏறிட்டாரா?" என்று கேட்டாள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை நடப்பில் இருப்பதால் அவர் எதிலும் ஏறியிருக்க இயலாது என்று விளக்கினேன். அவள் சிரித்தாள். ஏன் என்று தெரியவில்லை.

செல்பேசியில் அழைத்திருக்கலாமே என்று தாங்கள் எண்ணக்கூடும். என் காதுகள் அந்தக் கருவியுடன் ஒத்துழைப்பதை 2019இல் நிறுத்திவிட்டன. எதிரில் இருந்து முகம் பார்த்துப் பேசினால் கேட்கும். கருவியில் வெறும் இரைச்சல். மேலும், பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் கடிதம் எழுதியே ஓய்வுபெற்றவன் நான். வேறு வழியில் நலம் விசாரிக்க எனக்குத் தெரியாது.

உள்ளபடியே சொல்கிறேன்: தாங்கள் இல்லாத கூடம் வெறிச்சென்றிருக்கிறது. முதல் நாள் அந்த உருகிய மெழுகில் கையை விட்டதும் நான் போட்ட கூச்சலைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "சார், வெளிய உக்காந்திருக்கவங்க எந்திரிச்சு ஓடிருவாங்க சார்" என்றாள் ரிஃப்கா. தாங்களோ, அதே மெழுகில் கையை முக்கினீர்கள், எடுத்தீர்கள், மறுபடி முக்கினீர்கள். வெள்ளை உறை போல மெழுகு கையில் படிந்து தடித்தது. தங்கள் புருவம்கூட அசையவில்லை. அன்று கூடத்தில் இருந்தவர்கள் அனைவரும் கேட்கும்படி, "பாருங்கள், இது கடலில் உரமேறிய கை" என்று நான் சொன்னது முகத்துதி அன்று. அப்படியொரு மனத்திண்மையை என் எழுபத்து மூன்று வயதில் அருகிருந்து பார்த்ததில்லை.

இன்னும் ஒன்று. மூட்டு இளகுவதற்காகத்தான் சூடு. இளகியதும் கையைத் திருப்பிப் பழக வேண்டும் என்பது ரிஃப்காவின் பாடம். ஜூன் 15 அன்று தங்கள் தம்பி மகனின் விசைப்படகில் தாங்கள்தான் சுக்கான் பிடிக்க வேண்டும் என்பதும், கை தேறாவிட்டால் வேறொருவரை அமர்த்திவிடுவதாக அவர் சொல்லியிருப்பதும் தாங்களே என்னிடம் கூறியவை. ஆகவே ஒரு நாளையும் வீணாக்காமல் வந்து சேரவும்.

தங்கள் பக்கத்து நாற்காலியில் வேறு யாரையும் அமரவிடாத,
சி. துரைராசு


தரங்கம்பாடி
9.5.2025

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு,

செல்லத்துரை சொல்ல அவர் வீட்டுக்காரி கமலவல்லி எழுதுகிறேன். அவருக்கு வாசிக்க நன்றாக வரும். எழுதுவதற்கு வலது கை வேண்டும், அது இன்னும் வசப்படவில்லை. அவர் சொல்வதை அவர் சொல்கிறபடியே போடுகிறேன்.

"ஐயா, உங்க கடுதாசி வந்துச்சுங்க. எனக்குன்னு பேர் போட்டு ஒரு கடுதாசி வந்து எத்தனையோ வருஷமாச்சு. நான் ரெண்டு தரம் படிச்சேன். அப்புறம் மீன் ஏலம் விடுற கூடத்துக்கு எடுத்துட்டுப் போயி கமலவல்லிய விட்டு எல்லாருக்கும் படிக்கச் சொன்னேன். உரமேறுன கைன்னு எழுதியிருந்தீங்கள்ல, அந்த எடத்துல பயலுவ கைதட்டுனானுங்க. என் தம்பி மவன் வசந்தகுமாரும் நின்னு கேட்டான். 'அப்பறம் என்ன பெரியப்பா, கை ரெடின்னு ஆபீசரே எழுதிக் குடுத்துட்டாரு'ன்னு சிரிச்சான். உங்க புண்ணியங்க.

"மெழுகுக்கு வரலேன்னு கோச்சுக்காதீங்க. பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தா கைய எவனாவது இடிச்சுடறான். இங்க கடக்கரை மணல் மத்தியானம் எப்படிக் காயும் தெரியுங்களா? அதுலயே கைய முழங்கை வரைக்கும் பொதச்சிட்டு உள்ளுக்குள்ள வெரல மடக்கி நீட்டுறேன். மெழுகு என்ன மெழுகு, இதுக்கு முன்னாடி அது தண்ணி. மணிக்கட்டு நல்லா திரும்புது. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க, செல்லத்துரை பதினஞ்சாந்தேதி கடல்ல இருப்பான்னு."

இவ்வளவுதான் அவர் சொன்னது. இனிமேல் நானாக எழுதுகிறேன். அவர் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார்.

ஐயா, மணிக்கட்டு திரும்புவது உண்மைதான். ஆனால் கட்டைவிரலிலும் அதற்கு அடுத்த இரண்டு விரல்களிலும் நுனியில் கொப்புளம் போட்டிருக்கிறது. மோதிர விரலும் சுண்டுவிரலும் நன்றாக இருக்கின்றன. கேட்டால், கயிறு உராய்ந்தது என்கிறார். தடைக்காலத்தில் எந்தக் கயிற்றை இழுத்தார்? நீங்கள் விவரம் தெரிந்தவர். மணலுக்குக் கை இப்படி ஆகுமா?

இப்படிக்கு,
செல்லத்துரை, கமலவல்லி


மயிலாடுதுறை
12.05.2025, திங்கட்கிழமை

அன்புள்ள தங்கை கமலவல்லிக்கும் நண்பர் செல்லத்துரை அவர்களுக்கும்,

9ஆம் தேதியிட்ட தங்கள் கடிதம் இன்று பகல் கிடைத்தது. முப்பது கிலோமீட்டருக்கு மூன்று நாள். அஞ்சல் துறையைப் பற்றிப் பிறகு பேசலாம். இதனைக் கூரியரில் அனுப்புகிறேன். தயவுசெய்து இந்தக் கடிதத்தை ஏலக்கூடத்தில் படிக்க வேண்டாம்.

நான் மருத்துவம் கற்றவன் அல்லன். ஆயினும் என் அண்ணனுக்குச் சர்க்கரை நோய் முற்றிய காலத்தில் ஒருமுறை அவர் பாதத்தில் கொப்புளம் கண்டது. வெயிலில் வெறுங்காலுடன் கோவிலைச் சுற்றி வந்திருக்கிறார். சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. தங்கள் கடிதத்தில் கொப்புளம் எழுந்த விரல்களையும் எழாத விரல்களையும் தங்கை பிரித்து எழுதியிருந்ததைப் படித்ததும் அந்த நினைவு வந்தது. கூடவே மற்றொன்றும் வந்தது.

ஏப்ரல் 24 அன்று, மெழுகில் கை வைப்பதற்கு முன், ரிஃப்கா நம் இருவரையும் கண்களை மூடச் சொல்லி, இரண்டு கண்ணாடிக் குழாய்களை மாற்றி மாற்றி விரல்களில் வைத்து, "சூடா, குளிரா?" என்று கேட்டாள். என் முறை முடிந்ததால் நான் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தேன். நண்பரே, குழாய் தங்கள் விரலைத் தொடும்போதெல்லாம் தாங்கள் கையைச் சற்றே சாய்த்தீர்கள். அது மோதிர விரலிலும் பட்டது. அதன் பிறகே பதில் சொன்னீர்கள். எல்லாம் சரியான பதில்கள். கை விறைத்திருப்பதால் சாய்கிறது என்று அன்று எண்ணிக்கொண்டேன். ரிஃப்காவுக்கு ஐயம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பதாக ஏன் சொல்கிறாள்?

என் ஊகம் தவறாக இருக்கட்டும் என்றே விரும்புகிறேன். தங்கை, ஒரு காரியம் செய்யவும். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனிகள் மட்டும் படும்படி வெந்நீர் டம்ளரையும் பச்சைத் தண்ணீர் டம்ளரையும் தொடச் செய்யவும். வெந்நீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். மற்ற இரு விரல்களும் விலகியிருக்க வேண்டும். பதிலை எனக்கு எழுதவும். அதுவரை மணல் வேண்டாம்.

கவலையுடன்,
சி. துரைராசு


தரங்கம்பாடி
15.5.2025

அண்ணன் அவர்களுக்கு,

தங்கை என்று எழுதிவிட்டீர்கள், ஆகையால் அண்ணன் என்றே எழுதுகிறேன். நானும் இதைக் கூரியரிலேயே அனுப்புகிறேன்.

நீங்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றினேன். இவரோடு இத்தனை வருடம் குடித்தனம் செய்தவளுக்கு இவருடைய சாமர்த்தியம் தெரியும். என் முகத்தைப் பார்க்காமலே என் குரலை வைத்துப் பதில் சொல்லிவிடுவார். அதனால் இரண்டு டம்ளரிலும் பானைத் தண்ணீரையே ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தார்.

"எதுங்க சுடுது?"

"ரெண்டாவது."

"நல்லாத் தொட்டுப் பாருங்க."

"ரெண்டாவதுதாண்டி. அதான் சொல்றேன்ல, சுருக்குன்னு இருக்கு."

"கண்ணைத் தெறங்க. ரெண்டும் பச்சத் தண்ணி."

கண்ணைத் திறந்தார். டம்ளர்களைப் பார்த்தார். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது அண்ணே, திருடிய பூனை போல உட்கார்ந்திருந்தார். பிறகு என்னால் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். எப்போதிலிருந்து என்று கேட்டேன். கட்டைப் பிரித்த அன்றிலிருந்து என்றார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள ஐயா எழுந்திரிச்சு, உரமேறுன கைன்னு ஊரக் கூட்டிட்டாரு. ஒரு ரூம் ஜனம் பாக்குது. அப்ப போயி, இல்லீங்க எனக்கு வெரலு மரத்துப் போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

வசந்தகுமாருக்குத் தெரிந்தால் சுக்கானைத் தொடவிட மாட்டான், ஆள் போட்டுவிடுவான், ஒரு தரம் கரையில் உட்கார்ந்தவனைக் கடலுக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்கிறார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கப் பார்த்தார். நான் தலையை எடுத்துக்கொண்டேன்.

உங்கள் மேல்தான் அவருக்குக் கோபம். அவர் எழுதச் சொன்னதை எழுதாமல் விட்டால் அது என் மேல் திரும்பும். ஆகவே எழுதுகிறேன். "ஐயாவே தூக்கி வெச்சாரு, ஐயாவே எறக்கிட்டாரு. கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சேன், வேவு பாத்துட்டாரு. இனிமே கடுதாசி வேணாம்."

மன்னிக்க வேண்டும்.

கமலவல்லி


மயிலாடுதுறை
17.05.2025, சனிக்கிழமை

நண்பர் செல்லத்துரை அவர்களுக்கு,

வேண்டாம் என்று சொன்ன ஒருவருக்குக் கடிதம் எழுதுவது முறையன்று என்பதை அறிவேன். இந்த ஒரு முறை மீறுகிறேன்.

தங்கள் கோபம் நியாயமானது. நான் ஒரு நோயைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன். சுட்டால் அலறுவதுதான் கையின் இயல்பு; என் கை அலறியது. தங்கள் கை பேசாமல் இருந்தது. பேசாமல் இருந்ததை நான் வீரம் என்று படித்து, தாங்கள் வாய் திறக்கும் வழியையும் அடைத்துவிட்டேன். அதன் மேல், அதைக் கடிதத்திலும் எழுதி, ஊரே கேட்கும்படி செய்துவிட்டேன். இதற்காக வருந்துகிறேன்.

நேற்று, அதாவது 16ஆம் தேதி மாலை, ரிஃப்காவிடம் பேசினேன். தங்கள் பெயரை நான் சொல்லவில்லை; "ஒருவருக்கு இவ்வாறு இருந்தால்" என்றுதான் தொடங்கினேன். வாக்கியம் முடிவதற்குள், "செல்லத்துரை அண்ணனா சார்?" என்றாள். அதற்கு மேல் மறைக்க எனக்குத் திறமை இல்லை. அவள் கூறியதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். எலும்பு கூடிவிட்டது, ஆனால் மணிக்கட்டின் உட்புறம் போகும் நரம்பு வீக்கத்தால் நெருக்கப்பட்டிருக்கலாம். நெருக்கப்பட்ட நரம்பு இறந்த நரம்பு அன்று. ஆனால் நாள் கடத்தினால் திரும்புவது கடினம். தஞ்சாவூரில் நரம்புச் சோதனை செய்து பார்க்க வேண்டும், தேவையானால் சிறிய அறுவை. அதுவரை மணலும் கூடாது, மெழுகும் கூடாது. "சூடு மருந்துதான் சார். ஆனா சுடுதுன்னு சொல்லத் தெரிஞ்ச கைக்குத்தான் அது மருந்து" என்றாள். தங்கள் மீது அவளுக்குக் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். "பாவம் சார், எவ்ளோ பயந்திருந்தா எனக்கே டிமிக்கி குடுத்திருப்பாரு" என்று மட்டும் சொன்னாள்.

சுக்கானைப் பற்றி நான் ஏதும் சொல்லத் தகுந்தவன் அல்லன். துறைமுக வாயிலில் அலை குறுக்கே அடிக்கும்போது விரல் நுனிக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்பது தங்களுக்குத்தான் தெரியும். அந்தக் கையை நம்பி எத்தனை பேர் படகில் ஏறுகிறார்கள் என்பதும் தங்களுக்குத்தான் தெரியும்.

ஒன்று சொல்ல விரும்புகிறேன். மெழுகுக் கதையை விட்டுவிடுங்கள். ஏப்ரல் 28 அன்று, பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்த பெரியவர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தவித்தார். அவர் மகன் தூக்கினார், உதவியாளர் தூக்கினார்; பெரியவர் பயந்து இருக்கையைப் பற்றிக்கொண்டார். தாங்கள் அருகில் போய் அமர்ந்து, "அலை வரும், அப்ப சேர்ந்து எந்திரிப்போம்" என்றீர்கள். இருவரும் முன்னும் பின்னுமாக ஆடினீர்கள். "இப்ப" என்றீர்கள். அவர் எழுந்து நின்றுவிட்டார். தங்கள் இடது கை அவர் முதுகில் வெறுமனே பட்டுக்கொண்டிருந்தது. நான் அன்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டியது அதைத்தான்.

21ஆம் தேதி புதன்கிழமை காலை பத்து மணி முதல் பிசியோதெரபிக் கூடத்தில் இருப்பேன். வந்தால் மகிழ்வேன்.

சி. துரைராசு


மயிலாடுதுறை
22.05.2025, வியாழக்கிழமை

நண்பருக்கு,

நேற்றுப் பத்து மணி முதல் கூடம் பூட்டும் வரை இருந்தேன். தாங்கள் வரவில்லை. வராததற்குக் காரணம் கேட்டு இதை எழுதவில்லை. மணலில் மட்டும் கை வைக்காமல் இருந்தால் போதும்.

சி. துரைராசு


தரங்கம்பாடி
2.6.2025

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. புதன்கிழமை பகல் முழுவதும் நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. அன்றைக்கு நாங்கள் தஞ்சாவூரில் இருந்தோம். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அவர் பக்கத்தில்தான் இருக்கிறார். "எல்லாத்தையும் எழுது, ஒண்ணும் விடாத" என்கிறார்.

உங்களுடைய நீளமான கடிதம் திங்கட்கிழமை வந்தது. வாங்கிக்கொண்டு தனியாக மதில் பக்கம் போய் உட்கார்ந்து படித்தார். வந்து சோறு வேண்டாம் என்றார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா" என்றார். எங்கே என்று கேட்காமல் போனேன்.

வலை பின்னும் கூடத்தில் வசந்தகுமாரும் படகில் போகிற ஆட்களும் வலையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீ வந்திருந்தது. வசந்தகுமார் இவரைப் பார்த்ததும், "வாங்க பெரியப்பா, மொத ட்ரிப்புக்கு டீசல் சொல்லியாச்சு. நீங்கதான் சுக்கான்" என்றான்.

"இல்லடா. நான் வரல."

"ஏன், ஐயா வேற எங்கயாவது கப்பல் வாங்கிக் குடுத்துட்டாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. "என் கையில மூணு வெரலு மரத்துக் கெடக்குடா. கட்டுப் பிரிச்சதுலேருந்து" என்றார்.

ராஜராஜன் என்று ஒருவன், எப்போதும் வாய்த்துடுக்கு. "என்ன சித்தப்பா, மெழுகுக்கே அசராத கைன்னு கடுதாசி படிச்சீங்களே?" என்றான்.

"அசராததுதாண்டா நோவு."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை அண்ணே. இவர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். "டீயையும் ஐஸையும் வெச்சுப் பாரு" என்றார். வசந்தகுமார் மாட்டேன் என்றான். "வைடா. நாளைக்கு ஒன்பது பேர ஏத்திக்கிட்டுப் போற படகு. வெச்சுப் பாரு." அவன் ஐஸ் கட்டி ஒன்றை எடுத்து அந்த மூன்று விரலிலும் வைத்தான். பிறகு டீ கிளாஸை வைத்தான். "தெரியல" என்றார். மறுபடி வைத்தான். "தெரியல." எத்தனை பேர் பார்க்கிறார்கள், அத்தனை பேர் முன்னாலும் தெரியல, தெரியல என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வழக்கமாக மீன் விலையில் ஒரு ரூபாய் தோற்றால்கூட ஒத்துக்கொள்ளாத மனுஷன்.

வசந்தகுமார் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். போயிற்று, இனி முடிந்தது என்று நினைத்தேன். நாங்கள் வீடு திரும்பிய பிறகு காரை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். "பெரியம்மா, துணிமணி எடுத்து வைங்க" என்றான். அவ்வளவுதான் பேசினான். மறுநாளே தஞ்சாவூர் போய்விட்டோம். சோதனை செய்தார்கள். நரம்பு நெருக்கப்பட்டுத்தான் இருக்கிறது, ஆனால் உயிர் இருக்கிறது என்றார் டாக்டர். 27ஆம் தேதி உள்ளங்கை ஓரமாகக் கீறி நெருக்கத்தை விடுவித்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

திரும்பும் வழியில் காரில் வசந்தகுமார் சொன்னான், "பதினஞ்சாந்தேதி நான்தான் சுக்கான் புடிக்கப்போறேன். வேற ஆள் போடல. உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க, எனக்கும் பழகணும்." இவர் சன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

எப்போது கடலுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லவில்லை. உணர்ச்சி திரும்பலாம், முழுதாகத் திரும்பாமலும் போகலாம் என்கிறார்.

இப்போது அவர் சொல்வது: "ஐயா, வேவு பாத்தீங்கன்னு சொன்னதத் திரும்ப எடுத்துக்கிட்டேன். ஆனா ஒண்ணு, அந்தப் பெரியவரத் தூக்கி விட்டத எப்ப பாத்தீங்க? உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா?"

கமலவல்லி


மயிலாடுதுறை
13.06.2025, வெள்ளிக்கிழமை
(வைகாசி 30)

அன்பு நண்பர் செல்லத்துரை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் 4ஆம் தேதி கிடைத்தது. உடனே பதில் எழுதவில்லை. எழுதத் தொடங்கினால் மறுபடியும் அளவு மீறிப் புகழ்ந்துவிடுவேனோ என்று அஞ்சி, ஒன்பது நாள் ஆறவிட்டேன். ஆறியும் குறையவில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

மேட்டூரில் நேற்று, வழக்கமான ஜூன் 12ஆம் தேதியன்றே, தண்ணீர் திறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் இந்தத் தேதிக்கு முன்பு எங்கள் அலுவலகத்தில் ஒரு கேள்வி சுற்றுக்கு வரும்: மதகுகள் எல்லாம் சரியாக உள்ளனவா? உள்ளன, உள்ளன என்றே எல்லாப் பிரிவிலிருந்தும் பதில் வரும். தண்ணீர் வந்து சேர்ந்த பிறகுதான் எந்தப் பலகை உளுத்தது, எந்தத் திருகு தேய்ந்தது என்பது தெரியும். அதற்குள் யாருடைய நாற்றங்காலோ மூழ்கியிருக்கும். தண்ணீர் வருவதற்கு முன்பே, "என் மதகு பழுது" என்று தாமாக வந்து சொன்னவர்கள் என் பணிக்காலத்தில் மிகச் சிலர். அவர்களை நான் அன்று உரிய முறையில் மதித்தேனா என்பது ஐயம். தங்களை மதிக்கிறேன். கூட்டத்தின் நடுவே கண்ணை மூடிக் கையை நீட்டி, தெரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு என்ன வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன். என்னிடம் அது இல்லை. செவிப்புலன் கருவி வாங்கும்படி டாக்டர் 2019இலேயே சொன்னார். எனக்குக் கேட்கவில்லை என்று பிறர் அறிந்துவிடுவார்களே என்றுதான் இன்றுவரை வாங்காமல் இருக்கிறேன். தங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, இம்மாதம் 9ஆம் தேதி போய் அளவு கொடுத்துவிட்டு வந்தேன்.

என் மணிக்கட்டு நாளுக்கு நாள் இளகுகிறது. ஈரத் துண்டை இப்போது பிழிய முடிகிறது. முழுவதும் அன்று, பாதி ஈரம் துண்டிலேயே இருக்கிறது. மெழுகில் கை வைக்கும்போது இன்னும் கத்துகிறேன். ரிஃப்கா பழகிவிட்டாள்.

நாளை நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. 15ஆம் தேதி ஞாயிறன்று படகுகள் எல்லாம் போகும்; தாங்கள் கரையில் நிற்பீர்கள். அது எளிதாக இருக்காது. அன்று முதல் பேருந்தில் புறப்பட்டு வருகிறேன். என்னோடு பேச வேண்டும் என்ற கட்டாயம் தங்களுக்கு இல்லை. கருவி இன்னும் வந்து சேரவில்லை. பேசினாலும் காற்றில் எனக்குக் கேட்காது. நின்றுவிட்டு வந்துவிடுகிறேன்.

என்றும் தங்கள்,
சி. துரைராசு


தரங்கம்பாடி
25.7.2025

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அவர் கை தேறினால் அவரே உங்களுக்கு எழுதுவார் என்று நினைத்திருந்தேன். "கை தேறினாலும் எழுத்து உன் வேலைதான்" என்று சொல்லிவிட்டார். ஆகவே நான்தான்.

அன்று நீங்கள் வந்து குடையை ஊன்றிக்கொண்டு வெயிலில் நின்றுவிட்டுப் போனதைக் கரையில் இன்னும் பேசுகிறார்கள். அந்த ஆபீசர் யாருக்காகக் காத்திருந்தார் என்று கேட்கிறார்கள். படகு வாயிலைத் தாண்டும்போது வசந்தகுமார் கொஞ்சம் தெற்கே ஒடித்துவிட்டான் என்று இவர் பல்லைக் கடித்தது உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

போன மாதக் கடைசியில் இருந்து ரிஃப்கா மறுபடி கையைப் பார்க்கிறாள். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும், அதுவும் ஒவ்வொரு தரமும் இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான். விரலைக் கையில் பிடித்துக்கொண்டு, "அண்ணே, பொய் சொன்னா மணல்லயே பொதச்சிடுவேன்" என்கிறாள். இவரும் தெரிவதைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் பள்ளிக்கூடப் பிள்ளை போலச் சொல்கிறார். ஆடி பிறந்த பிறகு கட்டைவிரலில் ஊசி குத்துவது போல இருக்கிறது என்றார். பிறகு ஆட்காட்டி விரலில். நடுவிரல் இன்னும் பாதி தூக்கத்தில்தான் இருக்கிறது. அது முழுக்க விழிக்குமா என்று யாருக்கும் தெரியாது.

வசந்தகுமார் இவரைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறான். வெளியே போன பிறகு, கடல் அமைதியாக இருந்தால், சுக்கானைக் கொடுக்கிறான். வாயிலைத் தாண்டுவது இன்னும் அவன்தான். கொடுப்பதற்கு முன்னால் கண்ணை மூடச் சொல்லி ஐஸை வைத்துப் பார்க்கிறானாம். "அப்பனுக்குப் பொறந்ததா, டாக்டருக்குப் பொறந்ததா தெரியல" என்று இவர் திட்டுகிறார். ஆனால் கையை நீட்டுகிறார்.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று அவர் சொன்ன சேதி இது: "ஐயா, மிஷின் மாட்டிக்கிட்டீங்களாமே, ரிஃப்கா சொல்லுச்சு. இனிமே போன்ல பேசலாம்ல? ஆனா கடுதாசிய நிறுத்திடாதீங்க. போன்ல சொன்னா ஒரு தரம்தான் கேக்கலாம்."

என் சேதி ஒன்று இருக்கிறது அண்ணே. அதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நேற்றுக் கடலில் இருந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அப்போதுதான் வடித்த சோறு, இலையில் ஆவி பறக்கிறது. இத்தனை நாளும் எவ்வளவு சூடாகப் போட்டாலும் பேசாமல் பிசைவார். நான்தான் பயந்துபோய் ஆறவைத்துப் போடுவேன். நேற்று மறந்துவிட்டேன். குழம்பை ஊற்றினேன். பிசையக் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார். விரலை உதறினார். "சோறு இப்புடிச் சுடுதுடி, கொஞ்சம் ஆறவெச்சுப் போட்டா என்ன கொறஞ்சா போயிடுவே?" என்று கத்தினார்.

நான் அடுப்படியிலேயே நின்றேன். இன்னொரு தரம் கத்தட்டும் என்று காத்திருந்தேன்.

உங்கள் தங்கை,
கமலவல்லி